பெறுபேறு வந்த பிறகு நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் லயத்தில் ஒரு காம்பராவில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. பக்கத்துக் காம்பராவில் பேச்சே இல்லை. ஒரு மாதம் போனதும் பேச்சில்லாத வீட்டுப் பையன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிறான். அந்த வீட்டு மகள் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கோ, யாரோ ஒருவருடைய வீட்டு வேலைக்கோ போய்விடுகிறாள். சிரித்த வீட்டுப் பிள்ளை உயர்தரம் படிக்கப் போகிறது. இரண்டு வருடம் கழித்து, பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை என்றதும், அதுவும் அதே கொழும்பு பஸ்ஸில்தான் ஏறுகிறது.

இதை நாம் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகியும் போய்விட்டோம். அந்தப் பழக்கம் ஆபத்தானது என்று சொல்வதற்கே இந்த ஆசிரியர் தலையங்கம்.

சம்பளத்தைப் பற்றியும் வேலை நாட்களைப் பற்றியும் எழுத வேண்டிய பத்திரிகையில் படிப்பைப் பற்றி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாட்கூலி 1,000 ரூபாய் ஆவதற்கு 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை எத்தனை வருடம் கத்தினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் கூடையைத் தோளில் போடப் போவதில்லை என்பதும் உண்மை. அவர்கள் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள். கையில் ஒரு தொழிலோடு போகிறார்களா, வெறுங்கையோடு போகிறார்களா என்பதுதான் கேள்வி. வெறுங்கையோடு போகிறவன் கையாளாகத்தான் நிற்பான். பாஸ் சொல்கிற இடத்தில் சீமெந்து குழைப்பான். பத்து வருடம் போனாலும் அவன் சம்பளம் கையாள் சம்பளம்தான். தோட்டத்தில் நாம் போராடி ஒழிக்கப் பார்க்கிற அதே நிலைமையை அவன் நகரத்தில் தனியாக நின்று அனுபவிக்கிறான். அங்கே அவனுக்காகப் பேசத் தலைவரும் இல்லை, சங்கமும் இல்லை.

இந்த நிலைமை தானாக வந்ததல்ல. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தது. லயத்துக்கோடியில் ஒரு அறை, அதில் ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பும் ஒன்றாக. கொழுந்து எடுக்கிற கைகள் வேண்டும் என்று நினைத்தவர்களிடமே அந்தக் கைகளுக்குப் பென்சில் கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார்கள். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பெரியவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகமும் இல்லை. பிறகு படித்து என்ன பயன் என்று அந்தக் காலத்துத் தகப்பன் கேட்டதில் பிழை காண முடியாது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். மற்றவர்கள் ஓடத் தொடங்கி முப்பது வருடத்துக்குப் பிறகு நம்மைக் கோட்டருகே நிறுத்தினார்கள். இன்று நம் பிள்ளை பின்னால் நிற்கிறது என்றால் அதற்கு மூளை காரணமல்ல.

இப்போது, பெறுபேறு வந்த பிறகு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்ப்போம். பல பெற்றோருக்கு இவை தெரியாது. தெரியாதது அவர்களுடைய குற்றமும் அல்ல. ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போய் ஒரு விண்ணப்பப் படிவம் கேட்டு வருவதற்கு ஒரு நாள் பேர் போகிறது. "அடுத்த கிழமை வாங்க" என்று சொன்னால் இன்னொரு பேர் போகிறது.

முதல் வழி உயர்தரம். ஆறு பாடங்களில் சித்தி, அதில் தாய்மொழி, அதோடு மூன்று திறமைச் சித்திகள் என்பது பொதுவான தகுதி. கலை, வர்த்தகம், விஞ்ஞானம், கணிதம் ஆகியவற்றோடு 2013ஆம் ஆண்டிலிருந்து தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. பொறியியல் தொழில்நுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் படித்த பிள்ளை பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் போகலாம். ஆசிரியராக வர விரும்புகிறவர்களுக்கு உயர்தரத்துக்குப் பிறகு பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. இன்று நம் பாடசாலைகளில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற பலர் அந்தப் படியேறி வந்தவர்கள்.

இரண்டாவது வழி, சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் உரியது. 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற திட்டம் 2017இல் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொடங்கியது. அந்தப் பாடசாலைகளில் பெறுபேறு எப்படி இருந்தாலும் 12ஆம் தரத்துக்குப் போய்த் தொழிற்பாடங்களைப் படிக்கலாம். உங்கள் கல்வி வலயத்தில் எந்தப் பாடசாலையில் இது நடக்கிறது என்று அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திலோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது வழி தொழிற்பயிற்சி. தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரிகள், ஹட்டனில் உள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் மின்னிணைப்பு, நீர்க்குழாய் பொருத்துதல், வெல்டிங், மோட்டார் திருத்துதல், கணினி, தையல், சமையல், அழகுக்கலை, முதியோர் பராமரிப்பு போன்ற தொழில்கள் கற்பிக்கப்படுகின்றன. எந்த நிலையத்தில் எது, எத்தனை மாதம், கட்டணம் உண்டா இல்லையா என்பது இடத்துக்கு இடம் மாறும். போய்க் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த மூன்றாவது வழியைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. படிக்காத பிள்ளைதான் அங்கே போகும், போனால் அதோடு படிப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. என்பது ஒரு ஏணி. அதில் ஏழு மட்டங்கள். ஒன்றிலிருந்து நான்கு வரை சான்றிதழ். நான்காம் மட்டம் எடுத்தவர் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தன் தொழிலைச் செய்யத் தகுதி பெற்றவர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். நான்காம் மட்டத்தை முடித்த பிள்ளை உயர்தரம் இல்லாமலேயே ஐந்தாம் மட்டத்துக்குப் போகலாம். அதற்கென்று மாகாணத்துக்கு ஒரு தொழில்நுட்பவியல் கல்லூரி இருக்கிறது. மத்திய மாகாணத்துக்குக் கண்டியில், ஊவாவுக்குப் பதுளையில், சப்ரகமுவவுக்கு இரத்தினபுரியில். அங்கிருந்து இரத்மலானையில் 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை போக முடியும். மின்னிணைப்பு வேலையில் தொடங்குகிற பையன் பட்டதாரியாக முடிக்கக்கூடிய பாதை சட்டப்படி திறந்திருக்கிறது. அந்தப் பாதையின் முதற்படி எங்கே இருக்கிறது என்று யாரும் லயத்துக்கு வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது வழி வளர்ந்தவர்களுக்கு. பத்து வருடமாகக் கொழும்பில் மேசன் வேலை செய்கிறவர், தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவர், தோட்டத்து லொறியைத் திருத்துகிறவர் நம்மிடையே பலர். கையில் தொழில் இருக்கிறது, காகிதம் இல்லை. இவர்கள் மறுபடி வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. அனுபவத்தைச் சோதித்து, தகுதி இருந்தால் என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை நைட்டாவில் இருக்கிறது. செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உயர்தரத்தோடு நின்றுபோனவர்களுக்கும், அதைச் சித்தியடையாமல் வேலைக்குப் போனவர்களுக்கும் 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே அடிப்படைப் பாடநெறியிலிருந்து படிப்படியாகப் பட்டம் வரை போகலாம்.

இவ்வளவு வழி இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் அந்த வாசல்களில் நிற்கவில்லை? அறியாமை என்று சொல்லி முடித்துவிட நாம் தயாராக இல்லை. வாசல்களில் தடைகள் இருக்கின்றன.

முதல் தடை மொழி. மலையகத்தில் இருக்கிற பயிற்சி நிலையத்திலேயே தமிழில் கற்பிக்கப் போதனாசிரியர் இல்லை என்று சொல்கிறார்கள். எமது மாணவன் ஒருவன் மோட்டார் திருத்தும் வகுப்புக்குப் போய் மூன்று வாரத்தில் திரும்பி வந்தான். "சார், கையால செய்யச் சொன்னா செய்வேன். அவங்க என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல" என்றான். அவன் தொழிலில் தோற்கவில்லை, பாஷையில் தோற்கடிக்கப்பட்டான். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தேசிய மொழிகளில் ஒன்றில் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. காகிதத்தில் உள்ள இந்த உரிமை பட்டறைக்குள் வர வேண்டும். போதனாசிரியர் மட்டுமல்ல, சோதிக்க வருகிற மதிப்பீட்டாளரும் தமிழில் கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். அதே நேரத்தில் நம் பிள்ளைகள் சிங்களமும் ஆங்கிலமும் கற்க வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மொழி கற்பது வேறு, மொழி தெரியாததால் தொழிலையே இழப்பது வேறு.

இரண்டாவது தடை தூரம். மேல் டிவிஷனிலிருந்து நடந்து வந்து, பஸ் பிடித்து, காலை எட்டரைக்கு நகரத்தில் நிற்பது மழைக்காலத்தில் எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். விடுதி இல்லாத பயிற்சி நிலையம் நகரத்துப் பிள்ளைக்கு மட்டுமே திறந்த நிலையம். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய தடை. "பொம்பளப் புள்ளய இருட்டுல எப்படி அனுப்புறது?" என்று கேட்கிற தாயைப் பிற்போக்கு என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தாயே இருட்டில் எழும்பி மலைக்குப் போகிறவர். பாதுகாப்பான விடுதியும் நேரத்துக்கு ஒரு பஸ்ஸும் கிடைத்தால் அவரே மகளின் பெட்டியைக் கட்டிக் கொடுப்பார்.

மூன்றாவது தடை, ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று பிரித்து வைத்திருப்பது. நம் பெண் பிள்ளைகளுக்கு வருகிற பயிற்சி என்றால் தையல், கேக், அழகுக்கலை. இந்தத் தொழில்களை நாம் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரே தோட்டத்தில் இருபது பேருக்குத் தையல் பழக்கிவிட்டால் யார் யாருக்குத் தைப்பது? பெண் பிள்ளை மின்னிணைப்புப் படிக்கட்டும், கணினி வன்பொருள் படிக்கட்டும், கணக்கியல் படிக்கட்டும்.

நான்காவது, போலிகள். சுவரொட்டியில் தாதியர் பயிற்சி, வெளிநாட்டு வேலை, சர்வதேச டிப்ளோமா என்று போட்டு, தோட்டத்துப் பெற்றோரின் சீட்டுப் பணத்தையும் அடகு நகையையும் வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. எமக்குத் தெரிந்த ஒரு மாணவி இரண்டு வருடம் படித்து, கழுத்துச் சங்கிலியை விற்றுக் கட்டணம் கட்டி, சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனபோது, "இது செல்லாது" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? பதிவு இலக்கம் என்ன?

2. நிறுவனம் பதிவானது போதாது. நான் படிக்கப் போகும் இந்தப் பாடநெறிக்குத் தர அங்கீகாரம் உண்டா? முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம்?

3. எந்த மொழியில் கற்பிப்பார்கள்? எந்த மொழியில் சோதிப்பார்கள்?

4. வேலைத்தலப் பயிற்சி உண்டா? எங்கே, எத்தனை மாதம்?

5. சேர்வுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், சீருடை, விடுதி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பற்றுச்சீட்டுத் தருவீர்களா?

இந்த ஐந்துக்கும் நேராகப் பதில் சொல்லாத இடத்தில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சான்றிதழ்களின் மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்னொரு ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொழிற்பயிற்சியைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவதைக் கேட்டு, "சரிதான், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சிதான் பொருத்தம்" என்று தலையாட்டச் சிலர் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மருத்துவபீடம், நம் பிள்ளைகளுக்கு வெல்டிங். இதை நாம் ஏற்க மாட்டோம். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்படுகின்றன. ஆனால் அந்தச் சலுகை மாவட்டத்துக்கு உரியது, தோட்டத்துக்கு உரியதல்ல. தோட்டப் பாடசாலையில் இரசாயனவியலும் பௌதிகவியலும் கற்பிக்க ஆசிரியர் இல்லாவிட்டால், அந்த இடங்கள் ஆய்வுகூடம் உள்ள நகரப் பாடசாலைகளுக்குத்தான் போகும். படிக்கக்கூடிய பிள்ளைக்கு விஞ்ஞானமும் கணிதமும் கிடைக்க வேண்டும். கையால் செய்ய விரும்பும் பிள்ளைக்கு நல்ல பட்டறை கிடைக்க வேண்டும். பிள்ளை தானாகத் தெரிவு செய்தால் அது தெரிவு. வேறு வழி இல்லாமல் போனால் அது மறுபடியும் கங்காணி ஆள் பிடித்த கதைதான்.

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பது ஒரு பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் அல்ல. கட்டடம் கட்டி, கல் நாட்டி, பிறகு ஆசிரியர் இல்லாமல் பூட்டி வைப்பதை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். மலையகத்தில் ஒரே வளவுக்குள் இரண்டு கல்வியும் நடக்கிற ஒரு கல்லூரி வேண்டும். காலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு, பக்கத்தில் மின்னிணைப்புப் பட்டறை, மாலையில் வேலை முடிந்து வருகிற தொழிலாளிக்குச் சிங்களம், ஆங்கிலம், கணினி, சனிக்கிழமையில் சாதாரண தரக் கணிதத்தை மறுபடி எழுதுகிறவர்களுக்கு வகுப்பு. ஆண், பெண் இரு பாலாருக்கும் விடுதி. கற்பித்தல் தமிழில். பட்டறைப் பிள்ளையும் பரீட்சைப் பிள்ளையும் ஒரே வாசலால் நுழைந்தால்தான், ஒன்று மேல் மற்றது கீழ் என்ற எண்ணம் போகும்.

கம்பனிகளுக்கும் கடமை இருக்கிறது. தொழிற்சாலையில் மின் வேலைக்கும் இயந்திர வேலைக்கும் வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். அதே தோட்டத்துப் பிள்ளையைப் பயிலுனராக எடுத்து, உதவிப் பணம் கொடுத்து, என்.வி.கியூ. பெற வைக்க என்ன தடை? அத்துருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தேயிலையைப் பற்றிப் படிப்பிக்கிற இடங்களில் தேயிலையால் வாழ்கிற குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கம்பனிகள் கணக்குக் காட்டட்டும். மலையில் பிறந்த பிள்ளை வெளிக்கள உத்தியோகத்தராக வந்தால் மலை இடிந்துவிடாது.

கடைசியாக நம்மைப் பற்றி. தொழிற்சங்கங்கள் இந்த விஷயத்தில் சுத்தமானவை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. பயிற்சிக்கு இடம் வந்தால் சந்தாக் கட்டுகிறவருடைய பிள்ளைக்கு ஒரு கடிதம், மற்றச் சங்கத்துக்காரருடைய பிள்ளைக்குக் கைவிரிப்பு என்று நடந்திருக்கிறது. தகுதி பார்க்காமல் சிபாரிசு பார்த்திருக்கிறோம். பெறுபேறு வந்த பிள்ளைக்குச் சங்க நிறம் கிடையாது. இதைத் தலைவர்மாரும் தலைவிமாரும் மனதில் வைக்க வேண்டும்.

இந்த வருடம் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, சாதாரண தரமும் உயர்தரமும் எழுதிய பிள்ளைகளின் பட்டியலை எந்தச் சங்கம் என்று பார்க்காமல் ஒரு கொப்பியில் எழுதி, அவர்கள் எங்கே போனார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பதியுங்கள். இரண்டு, பெறுபேறு வந்த வாரத்திலேயே பாடசாலை அதிபரையும் ஆசிரியர்களையும் அழைத்து, கோயிலடியிலோ பிள்ளைக் காம்பராவிலோ பெற்றோர் கூட்டம் ஒன்றை வையுங்கள். வேலை முடிந்து மாலையில் வையுங்கள், யாருடைய பேரும் போகக்கூடாது. மூன்று, விண்ணப்பப் படிவங்களை எடுத்து வரவும், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைச் சிக்கல்களைத் தீர்க்கவும் படித்த இளைஞர் இருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். ஒரு தோட்டத்துக்கு ஒருவர் போய் வந்தால் இருபது வீட்டுப் பேர் மிஞ்சும்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 16. பதினாறு ஆகிவிட்டதே என்பதற்காகவும் பிள்ளையைத் தரகர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவர் நீட்டுகிற முற்பணம் உங்கள் வீட்டில் ஒரு மாதம்கூட நிற்காது. பிள்ளை இழக்கிற இரண்டு வருடம் திரும்பி வராது.

பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. பெறுபேற்றுத் தாளில் இருக்கிற எழுத்து உங்கள் தலையெழுத்து அல்ல. கணிதத்தில் சித்தியடையாவிட்டால் மறுபடி எழுதுங்கள். எழுத விருப்பமில்லாவிட்டால் ஒரு தொழிலைப் பழகுங்கள். எதைச் செய்தாலும் செய்யும் முன் வந்து கேளுங்கள். பாடசாலைக் கதவும் சங்கக் காரியாலயத்துக் கதவும் உங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் தட்டுங்கள். தட்டியும் திறக்காவிட்டால் எமக்கு எழுதுங்கள், அதை இதே பக்கத்தில் போடுவோம்.